பதினோரு வருடமாக மத்தியஸ்தம் செய்கிறேன், பக்கத்து வீட்டுக் கதவைத் தட்ட எனக்கே தைரியம் இல்லை

நடுநாற்காலி (இழையைத் தொடங்கியவர்)

சமூக மத்தியஸ்தம், அதாவது அக்கம்பக்கத்துச் சண்டைக்காரர்களை எதிரெதிரே உட்கார வைத்து அவர்களே பேசித் தீர்க்க உதவுவது, பலருக்குப் பெரிதாகத் தோன்றும். என் விஷயத்தில் அது வாரத்தில் இரண்டு சாயங்காலம், ஒரு சின்ன அறை, மூன்று நாற்காலி, ஒரு தண்ணீர் ஜாடி. சம்பளம் கிடையாது. மேல்வீட்டுச் சத்தம், கீழ்வீட்டுப் புகை, நாய், வண்டி நிறுத்துமிடம், பொதுச்சுவரில் இறங்கும் ஓதம், சங்கத்தில் கணக்குக் கேட்டதால் வந்த பகை. இதுதான் என்னிடம் வரும் சரக்கு.

இந்த இழையை ஆரம்பிக்கக் காரணம் என் சொந்த அசிங்கம். மூன்று மாதம் முன்பு மேல்வீட்டில் ஏதோ வேலை நடந்தது. ஞாயிற்றுக்கிழமை காலை ஆறே முக்காலுக்கு ட்ரில். இரண்டு வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தேன். மூன்றாவது ஞாயிறு இரவு பதினொரு மணிக்கு, யாரும் வருகிறார்களா என்று இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, லிஃப்டில் ஒரு சீட்டு ஒட்டினேன். "ஞாயிறு காலையில் ட்ரில் போடுவதைத் தயவுசெய்து தவிர்க்கவும். ஒரு குடியிருப்பாளர்." கையெழுத்து தெரியக்கூடாது என்று கொட்டை எழுத்தில் எழுதினேன். மூன்றாம் வகுப்புப் பையன் மாதிரி.

ட்ரில் நின்றுவிட்டது. ஆனாலும் அன்றிலிருந்து மேல்வீட்டுக்காரரை லிஃப்டில் பார்த்தால் போனை எடுத்துப் பார்க்கிற மாதிரி நடிக்கிறேன்.

என்னிடம் வரும் சண்டைகளில் பெரும்பாலானவை முதல் நாளே சொல்லியிருந்தால் அரை நிமிடத்தில் முடிந்திருக்கும். சொல்லாமல் விட்டு நாற்பதாவது நாள் போகும்போது நாற்பது நாள் கோபத்தையும் மூட்டை கட்டி எடுத்துக்கொண்டு போகிறோம். கதவைத் திறப்பவருக்கோ அது முதல் நாள். "என்னங்க இப்படிக் கத்துறீங்க" என்பார். நியாயம்தானே? இது தெரிந்த நானே போய்த் தட்டவில்லை. ஏன் என்று யோசித்துக்கொண்டிருக்கிறேன். உங்கள் அனுபவத்தையும் சொல்லுங்கள்.

---

மொட்டைமாடி

சார், நீங்களே லிஃப்ட்ல சீட்டு ஒட்டினா நாங்கெல்லாம் எங்க போறது :)

எங்க பில்டிங்ல சீட்டுக்குப் பதிலா வாட்ஸ்அப் குரூப். "சில பேர்" என்று ஆரம்பிக்கிற மெசேஜ் வந்தாலே எல்லா வீட்டிலும் "நம்மளைத்தான் சொல்றாங்களோ" என்று பேச்சு நடக்கும். உண்மையில் குப்பையைப் படியில் வைத்தது யாரோ ஒருத்தர். அவர்தான் அதுக்கு முதல்ல கட்டைவிரல் போடுவார்.

---

கேள்விக்குறி

தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். இதற்கும் கட்டப்பஞ்சாயத்துக்கும் என்ன வித்தியாசம்? ஊரில் நாலு பெரிய மனிதர்கள் உட்கார்ந்து "விட்டுக்கொடுத்துப் போப்பா" என்று சொல்வதைத்தான் நாற்காலி போட்டுச் செய்கிறீர்களோ என்று தோன்றுகிறது.

---

நடுநாற்காலி

நல்ல கேள்வி. வருடத்துக்கு நான்கு பேராவது முகத்துக்கு நேராகக் கேட்பார்கள்.

பெரிய வித்தியாசம், என் அறையிலிருந்து யார் வேண்டுமானாலும் எந்த நிமிடமும் எழுந்து போகலாம். கதவுப் பக்கத்து நாற்காலியில் யாரை உட்கார வைப்பது என்று யோசித்துத்தான் வைப்பேன். இரண்டு பேரில் யார் அதிகம் பயந்திருக்கிறாரோ அவருக்கு அது. கட்டப்பஞ்சாயத்தில் எழுந்து போனால் அடுத்த நாள் என்ன ஆகும் என்று உங்களுக்கே தெரியும். அப்புறம், நான் தீர்ப்பு சொல்வதில்லை. யார் சரி என்று என் மனதுக்குள் ஒரு முடிவு இருக்கும், இல்லை என்று சொன்னால் பொய். அதை முகத்தில் காட்டாமல் இருப்பதுதான் பாதி வேலை. உள்ளே பேசியதை வெளியே சொல்வதும் கிடையாது.

நிறையப் பேர் இதை ஆதிகாலத்து விஷயம் என்று நினைக்கிறார்கள். ஒருவகையில் உண்மைதான். ஆனால் இப்போதைய வடிவத்துக்கு வயது ஐம்பதுதான். சான்ஃபிரான்சிஸ்கோவில் 1976-ல் ரேமண்ட் ஷோன்ஹோல்ட்ஸ் என்ற வழக்கறிஞர் ஆரம்பித்த கம்யூனிட்டி போர்ட்ஸ் என்ற அமைப்பு இதற்கு ஒரு முன்மாதிரி. அந்தத் தெருவில் வசிப்பவர்களுக்கே பயிற்சி கொடுத்து, அவர்களையே நடுவில் உட்கார வைத்தார்கள். சிங்கப்பூரில் 1998-ல் சமூக மத்தியஸ்த மையம் வந்தது. அங்கே பேசித் தீராத அக்கம்பக்கத்துச் சண்டைகளுக்கு 2015-ல் தனித் தீர்ப்பாயம் கொண்டுவரச் சட்டம் போட்டார்கள். இந்தியாவின் 2023 மத்தியஸ்தச் சட்டத்தில் சமூக மத்தியஸ்தத்துக்கென்றே தனி அத்தியாயம் இருக்கிறது. இரண்டு தரப்பும் முன்கூட்டியே சம்மதிக்க வேண்டும், மூன்று மத்தியஸ்தர் உட்கார வேண்டும். முக்கியமாக, அதில் போடும் உடன்பாட்டை சிவில் கோர்ட்டு டிக்ரி (தீர்ப்பாணை) மாதிரி அமல்படுத்த முடியாது.

---

தெற்குக்காற்று

எங்கட பக்கம் இது சட்டப்படியே இருக்கு அண்ணை. இலங்கையில 1988ஆம் ஆண்டு 72ஆம் இலக்கச் சட்டம். மத்தியஸ்த சபை எண்டுதான் சொல்லுவம். அனேகமா சனி ஞாயிறுகளில பள்ளிக்கூடத்திலயோ பொது மண்டபத்திலயோ இருப்பினம். பள்ளிக்கூடக் கதிரை சின்னன், பெரியாக்கள் அதில முழங்கால் முட்ட இருந்து காணிக் கதை கதைக்கிறதைப் பாக்கேக்க சிரிப்பும் வரும், பாவமாயும் இருக்கும். சட்டத்தரணி உங்களுக்காக வந்து வாதாடேலாது, நீங்கள்தான் கதைக்கோணும். சில வகைப் பிணக்கை நேர கோட்டுக்குக் கொண்டு போகவே ஏலாது. முதல் சபைக்குப் போய், தீரேல்லை எண்டு அவையிட்ட சான்றிதழ் வாங்கிக்கொண்டுதான் போகலாம்.

நான் ஒருக்கா போன அனுபவம் எண்டால், சபையில இருந்தவையை விட வெளியில வாங்கில காத்துக்கொண்டு இருந்த ஒண்டரை மணித்தியாலம்தான் பிரச்சினையைத் தீர்த்தது. எதிராளியும் நானும் ஒரே வாங்கில். கதைக்காமல் எவ்வளவு நேரம் இருக்கிறது?

---

நடுநாற்காலி

அந்த வாங்கு! எங்கள் அறைக்கு வெளியிலும் ஒரே ஒரு பெஞ்சுதான். இடம் இல்லாததால் அப்படி. இன்னொன்று வாங்கிப் போடலாம் என்று ஒரு தடவை பேச்சு வந்தபோது நான்தான் வேண்டாம் என்றேன்.

---

கேள்விக்குறி

அமல்படுத்தவே முடியாத ஒப்பந்தத்துக்குக் கையெழுத்து எதற்கு? காகிதம் வீண்.

---

நடுநாற்காலி

காகிதம் வீண்தான், பல நேரம். ஒன்று சொல்கிறேன். ஆள் அடையாளம் தெரியாதபடி கொஞ்சம் மாற்றியிருக்கிறேன்.

மாடிப்படிக்குக் கீழே ஸ்கூட்டர் நிறுத்துவதில் சண்டை. ஒருவர் நிறுத்துவார். இன்னொருவர் தன் சைக்கிளை அதற்கு முட்டுக் கொடுத்து வைப்பார், எடுக்க முடியாதபடி. ஒருநாள் டயரில் காற்று இல்லை. அடுத்த நாள் சைக்கிள் சீட்டைக் காணோம். மூன்று தடவை உட்கார்ந்தார்கள். மூன்றாவது தடவை ஏழு அம்சத்தில் உடன்பாடு. சுவரிலிருந்து எத்தனை அடி, எந்தப் பக்கம் ஹேண்டில் திரும்பியிருக்க வேண்டும் என்பது வரை எழுதினோம். சின்னப் படம்கூட வரைந்தேன். எனக்கு ஏக பெருமை.

ஒரு மாதம் கழித்து வழக்கம்போல இருவரையும் போனில் கூப்பிட்டு விசாரித்தேன். ஏழில் ஐந்து அம்சம் காற்றில் போயிருந்தது. ஹேண்டில் எந்தப் பக்கம் என்று இரண்டு பேருக்குமே ஞாபகம் இல்லை. படத்தை எங்கே வைத்தோம் என்றும் தெரியவில்லை. "அப்ப மறுபடி சண்டையா?" என்றேன். "இல்லையே சார். வண்டி இடிச்சா போன் பண்ணுவார், நான் கீழ வந்து நகர்த்திடுவேன்."

படி இறங்கி வந்து வண்டியை நகர்த்த முப்பது வினாடி. அதற்காக எட்டு மாதம் சண்டை போட்டிருக்கிறார்கள். அந்த எட்டு மாதத்தில் ஒருவர் நம்பர் இன்னொருவரிடம் இல்லை. என் அறையில் முதல் தடவை உட்கார்ந்தபோது, அடுத்த தேதியைச் சொல்வதற்காக நான்தான் நம்பரை மாற்றிக்கொள்ளச் சொன்னேன். உடன்பாட்டு அம்சத்தில் அது இல்லவே இல்லை.

அதனால் இப்போதெல்லாம் காகிதத்தில் என்ன எழுதுகிறோம் என்பதைவிட, எழுதும்போது இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துப் பேசுகிறார்களா, இல்லை என்னைப் பார்த்தே பேசுகிறார்களா என்றுதான் கவனிக்கிறேன். ஆரம்பத்தில் எல்லாரும் என்னிடம்தான் பேசுவார்கள். "இவர் என்ன செய்தார் தெரியுமா" என்று. ஒரு கட்டத்தில் தன்னை அறியாமல் தலை அந்தப் பக்கம் திரும்பும், "நீங்க அன்னைக்கு..." என்று. அப்போது நான் என் நாற்காலியைச் சத்தமில்லாமல் அரை அடி பின்னால் இழுத்துக்கொள்வேன்.

---

மழைக்காகிதம்

படிக்க நன்றாக இருக்கிறது. ஆனால் நான் பெண்களுக்கான ஆலோசனை மையத்தில் வேலை செய்கிறேன், எனக்கு இந்த "பேசினால் தீரும்" என்ற பாட்டைக் கேட்டாலே பயம். ஸ்கூட்டர் சண்டையில் இரண்டு பேரும் சமம். வீட்டுக்குள் அடி வாங்குகிற பெண்ணையும் அடிக்கிறவனையும் ஒரே மேஜையில் உட்கார வைத்தால் அது மத்தியஸ்தம் இல்லை, அவளை மறுபடி அவனிடம் ஒப்படைப்பது. பெண்கள் மீதான வன்முறையைத் தடுப்பதற்கான ஐரோப்பிய கவுன்சிலின் 2011 இஸ்தான்புல் உடன்படிக்கை 48ஆம் பிரிவில் இதைத் தெளிவாகச் சொல்லியிருக்கிறார்கள். அந்த உடன்படிக்கைக்குள் வரும் வன்முறைகளில் மத்தியஸ்தத்தைக் கட்டாயமாக்கவே கூடாது. வீட்டுச் சொந்தக்காரர்–வாடகைக்கு இருப்பவர், முதலாளி–தொழிலாளி விஷயத்திலும் இதே கேள்விதான். "சமாதானமாகப் போச்சு" என்றால் பல நேரம் பலவீனமானவர் வாயை மூடிக்கொண்டார் என்று அர்த்தம்.

---

நடுநாற்காலி

இதற்கு எதிராகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை. அடி, மிரட்டல் என்று தெரிந்தால் நாங்கள் எடுப்பதில்லை. அதற்காகவே இருவரையும் முதலில் தனித்தனியாகப் பார்க்கிறோம். அந்தத் தனிச் சந்திப்பில் "இங்கே வர உங்களுக்கு இஷ்டமா, யாராவது போகச் சொன்னார்களா" என்று கேட்பேன். அதற்குப் பதில் வரும் வேகத்திலேயே பாதி தெரிந்துவிடும்.

ஆனால் எப்போதும் தெரிந்துவிடும் என்று சொன்னால் அது திமிர். ஆறாவது வருடம் என்று நினைவு. வீட்டுச் சொந்தக்காரர் ஒருவர், வாடகைக்கு இருந்த வயதான பெண்மணி ஒருவர். கசிவு யார் செலவில் சரி செய்வது என்று. அந்த அம்மா எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். "சரிங்க, அப்படியே செஞ்சிடலாம்." ஒரே அமர்வு, நாற்பது நிமிடம், கையெழுத்து. போகும்போது ஜாடியிலிருந்து ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றிக் குடித்துவிட்டு, டம்ளரைக் கழுவி வைக்க இடம் தேடினார். அது மட்டும் என் கண்ணில் பட்டது, புத்தியில் படவில்லை. இரண்டு மாதத்தில் அவர் வீட்டைக் காலி செய்துவிட்டார். எங்கள் பதிவேட்டில் அந்த வழக்கு "தீர்ந்தது" என்ற பத்தியில் இருக்கிறது.

அதற்கப்புறம், யாராவது மிகச் சீக்கிரம் ஒப்புக்கொண்டால் நான் அன்று கையெழுத்து வாங்குவதில்லை. ஒரு வாரம் கழித்து வரச் சொல்கிறேன். கூட இருப்பவர்களுக்கு எரிச்சல்தான்.

---

நிலாமுற்றம்

இந்த இழை வண்டி நிறுத்துவதிலேயே நின்றுவிடுமோ என்று பார்த்துக்கொண்டிருந்தேன். மழைக்காகிதம் சொன்னது, நார்வே அமைதி ஆய்வாளர் யோஹான் கால்டுங் 1969-ல் எழுதியதைத் தொடுகிறது. அடிதடி இல்லாமல் இருப்பது ஒருவகை அமைதி. அநியாயம் இல்லாமல் இருப்பது வேறு அமைதி. முதலாவதைச் சுவர் கட்டிக்கூடக் கொண்டுவரலாம். வட அயர்லாந்தின் பெல்ஃபாஸ்ட்டில் கத்தோலிக்க, புராட்டஸ்டண்ட் பகுதிகளுக்கு நடுவே 1969-ல் கட்ட ஆரம்பித்த சுவர்களை "அமைதிச் சுவர்" என்றுதான் அழைக்கிறார்கள். 1998-ல் சமாதான ஒப்பந்தம் வந்த பிறகும் புதிதாகச் சில எழும்பின.

நடுநாற்காலி ஐயாவிடம் ஒரு மறுப்பு. பக்கத்து வீட்டுக்காரர் நம்பர் இருந்தால் போதும் என்பது மாடிப்படிக்குச் சரி, நகரத்துக்குச் சரியா? அரசியல் ஆய்வாளர் அசுதோஷ் வார்ஷ்ணி இந்தியாவில் 1950 முதல் 1995 வரை நடந்த இந்து–முஸ்லிம் கலவரங்களைத் தொகுத்துப் பார்த்தார். சாவுகளில் ஏறத்தாழ பாதி வெறும் எட்டு நகரங்களில். கிராமங்களின் பங்கு 4 சதவீதத்துக்கும் குறைவு. பிறகு கோழிக்கோடு–அலிகார் போல, இந்து–முஸ்லிம் விகிதம் ஒத்த, ஆனால் ஒன்று அமைதியாகவும் மற்றது கலவரத்திலும் இருந்த நகரங்களை ஜோடி ஜோடியாக ஒப்பிட்டார். அவர் கண்டது, வீட்டுக்கு வீடு போய்வரும் பழக்கம் கிராமத்துக்குப் போதும். பெரிய நகரத்தில் அது தாங்காது. வியாபாரச் சங்கம், தொழிற்சங்கம், படிப்பகம், கட்சிக் கிளை என்று இரண்டு தரப்பும் சேர்ந்து உட்காரும் அமைப்பு இருந்த இடங்கள்தான் தாக்குப்பிடித்தன.

பிவண்டி இன்னொரு உதாரணம். 1970, 1984 இரண்டிலும் எரிந்த ஊர். 1988 வாக்கில் அங்கே காவல்துறை அதிகாரியாக வந்த சுரேஷ் கோப்டே பேட்டைக்குப் பேட்டை மொஹல்லா கமிட்டி போட்டார். இரண்டு மதத்தாரும் சேர்ந்து உட்கார வேண்டும் என்பது ஏற்பாடு. பக்கத்திலேயே பம்பாய் 1992–93-ல் எரிந்தபோது பிவண்டி அமைதியாக இருந்தது. பிறகு பம்பாயிலும் அதே பாணியில் கமிட்டிகள் வந்தன.

---

நடுநாற்காலி

மறுப்பை ஏற்றுக்கொள்கிறேன், பாதி.

ஒரு இரவு என் வாழ்க்கையில் இருக்கிறது. எந்த ஊர், எந்த வருடம், யாருக்கும் யாருக்கும் என்று சொல்ல மாட்டேன். இரண்டு தெருவுக்கு நடுவே சின்னதாக ஒரு கைகலப்பு. இரவு எட்டு மணிக்குள் "ஒரு பையன் போயிட்டான்" என்று குரல்பதிவு சுற்ற ஆரம்பித்துவிட்டது. வாட்ஸ்அப்பில் ஒரு செய்தியை ஒரே தடவையில் எத்தனை பேருக்கோ குரூப்புக்கோ ஃபார்வர்ட் செய்யலாம் என்பதற்கு 2018-ல் இந்தியாவில் ஐந்து என்று வரம்பு வைத்தார்கள். வதந்தியை நம்பி ஆட்களை அடித்தே கொன்ற சம்பவங்களுக்குப் பிறகு. ஐந்து ஐந்தாகப் போனாலும் ஒரு பேட்டையை மூழ்கடிக்க எவ்வளவு நேரம் ஆகும்?

அன்று வேலை செய்தது அமைதிக் குழு இல்லை. குழு ஒன்று இருந்தது, தலைவர் போன் எடுக்கவில்லை. அந்தப் பையனின் தெருவில் குடியிருந்த ஒரு கம்பவுண்டர், எதிர்த் தெருவில் தன்னோடு பால்பேட்மிண்டன் ஆடும் ஒருவருக்கு போன் செய்தார். ஆஸ்பத்திரி வராந்தாவில் பையன் தலையில் கட்டோடு உட்கார்ந்து பிஸ்கட் தின்பதை வீடியோ எடுத்து அனுப்பினார். பதினான்கு வினாடி வீடியோ. பதினோரு மணிக்குள் இரண்டு தெருவும் கதவைச் சாத்திப் படுத்துவிட்டன.

நிலாமுற்றம் சொல்வார், பேட்மிண்டன் கிளப்தான் அந்த அமைப்பு என்று. சரி. ஆனால் அந்தக் கிளப்பை யாரும் சமாதானத்துக்காக ஆரம்பிக்கவில்லை. சாயங்காலம் தொப்பை குறைய ஆரம்பித்தார்கள். சமாதானத்துக்கென்றே போட்ட குழுக்களில் நான் உட்கார்ந்திருக்கிறேன். பொன்னாடை, போட்டோ, "நாம் எல்லாரும் ஒன்று" என்று பேச்சு. நெருக்கடி வரும் இரவில் யாருக்கு போன் செய்ய வேண்டும் என்ற பட்டியல்கூட அவர்களிடம் இருக்காது. பிவண்டியில் கமிட்டி வேலை செய்ததென்றால், அவர்கள் கலவரம் இல்லாத சாதாரண நாட்களிலும் உட்கார்ந்ததால்தான் இருக்கும் என்பது என் எண்ணம்.

---

ஸ்க்ரூடிரைவர்

தத்துவம் போதும், நடைமுறை சொல்லுங்க சார். மேல்வீட்டில் இரவு பன்னிரண்டுக்கு நாற்காலி இழுக்கிறார்கள். போனில் ஆப் போட்டு டெசிபல் அளந்து, தேதிவாரியாக எக்செல் வைத்திருக்கிறேன். எப்படிப் போய்ப் பேசுவது?

---

நடுநாற்காலி

முதலில் எக்செல்லை வீட்டிலேயே வைத்துவிட்டுப் போங்கள். உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியக் கிளை 2009-ல் இரவுக்கு 40 டெசிபல் என்று வழிகாட்டு அளவு சொன்னது. ஆனால் அது வீட்டுக்கு வெளியே, ஆண்டு முழுவதுக்குமான சராசரி. நாற்காலி இழுப்பது ஒரு வினாடிச் சத்தம், அந்தக் கணக்கில் பிடிபடாது. தூக்கம் போவது மட்டும் நிஜம்.

சத்தம் வரும் நேரத்தில் போகாதீர்கள். நீங்கள் கோபத்தில் இருப்பீர்கள், அவர் இரவு உடையில் இருப்பார். மறுநாள் சாயங்காலம் போய் உங்கள் பெயரைச் சொல்லுங்கள். நம்ப மாட்டீர்கள், பாதிப் பேர் பெயரே சொல்லாமல் புகாரிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். அப்புறம், "நாற்காலி இழுக்காதீங்க" என்று தீர்வோடு போகாமல், "ராத்திரி பன்னிரண்டுக்கு எங்க ரூம்ல ஒரு சத்தம் கேக்குது, என்னன்னு சேர்ந்து பாக்கலாமா" என்று போங்கள். மேரி பார்க்கர் ஃபாலட் என்ற அம்மையார் 1920களில் சொன்ன ஒரு சம்பவம் எங்கள் பயிற்சியில் தவறாமல் வரும். நூலகத்தில் ஒருவர் ஜன்னலைத் திற என்கிறார், இவர் மூடு என்கிறார். கடைசியில் யாரும் இல்லாத பக்கத்து அறை ஜன்னலைத் திறந்தார்கள். அவருக்கு வேண்டியது காற்று, இவருக்கு வேண்டாதது தன் மேல் நேராக வீசும் வாடைக்காற்று. ஜன்னல் சண்டையே இல்லை.

நாற்காலிக் காலுக்கு ரப்பர் புஷ் நீங்களே வாங்கிக்கொண்டு போகலாமா என்று அடுத்துக் கேட்பீர்கள். முதல் தடவை வேண்டாம், குத்திக்காட்டுகிற மாதிரி இருக்கும்.

---

அரைத்தூக்கம்

நான் அந்தப் பக்கத்து ஆள். இரவு ஷிஃப்ட், வீட்டுக்கு வரும்போது ஒரு மணி ஆகும். என் கதவுக்குக் கீழே ஒருநாள் சீட்டு. நான்காக மடித்து, பேர் இல்லாமல். அதற்கப்புறம் ஆறு மாதம் வீட்டுக்குள் சாக்ஸ் போட்டுத்தான் நடந்தேன். தண்ணீர் குடிக்க டம்ளரைக்கூட இரண்டு கையால் வைப்பேன். கடைசியில் தெரிந்தது, சத்தம் என் வீடே இல்லை. குறுக்காக இரண்டு வீடு தள்ளி ஒரு மோட்டார். கான்கிரீட்டில் சத்தம் எங்கிருந்தோ ஏறி எங்கேயோ இறங்குகிறது. சீட்டு எழுதியவர் யாரென்று தெரிந்திருந்தால் முதல் வாரமே கூட்டிப் போய்க் காட்டியிருப்பேன்.

---

ஸ்க்ரூடிரைவர்

எக்செல்லை மூடிவிட்டேன். நாளை சாயங்காலம் போகிறேன்.

---

நடுநாற்காலி

நான்கு நாள் கழித்து வருகிறேன். அரைத்தூக்கம் எழுதியதைப் படித்த அன்று இரவு சரியாகத் தூங்கவில்லை. நேற்று மேல்வீட்டுக் கதவைத் தட்டினேன். பெயரைச் சொன்னேன். உள்ளே கூப்பிட்டார். சுவரில் புதிதாக அலமாரி, நன்றாகவே இருந்தது.

சீட்டு ஒட்டியது நான்தான் என்றேன். சொல்லிவிட்டு நிமிர்ந்து பார்த்தால், அவர் முகத்தில் கோபம் இல்லை, வேறு ஏதோ. "நீங்களா?" என்றார். மறுபடியும் "நீங்களா?" என்றார்.

அவர் இத்தனை நாளும் மூன்றாம் மாடிக்காரர்தான் எழுதினார் என்று நினைத்துக்கொண்டிருந்திருக்கிறார். சங்க நோட்டீஸ் எல்லாம் அந்த மனிதர்தான் கொட்டை எழுத்தில் எழுதுவாராம். அந்த ஞாயிறுக்கு மறுநாளிலிருந்து அவரோடு பேச்சுவார்த்தை இல்லை. இரண்டு பேர் பையன்களும் ஒரே பள்ளி வேனில் போகிறவர்கள், இப்போது ஒருவன் முன்னால் உட்காருகிறான், ஒருவன் பின்னால். மூன்றாம் மாடிக்காரருக்கு இன்றுவரை காரணம் தெரியாது.

இன்று சாயங்காலம் ஏழு மணிக்கு நானும் அவருமாக மூன்றாம் மாடிக்குப் போகிறோம். என்னோடு மத்தியஸ்தம் செய்பவர் ஒருவரைக் கூட அழைக்கலாமா என்று கேட்டேன். "அதெல்லாம் எதுக்குங்க, நீங்க வந்து சொன்னாப் போதும்" என்றார்.

---

மொட்டைமாடி

போய்ட்டு வந்து எழுதுங்க சார். நானும் குரூப்ல ஒருத்தர்கிட்ட ஒண்ணு சொல்ல வேண்டியிருக்கு. போன மாசம் அந்த "சில பேர்" மெசேஜ் போட்டது நான்தான்.